புறாவை வரையச் சொல்லும் பெரியோரே!

போரைத் தொடங்கியவர் பிள்ளைகள் அல்லர். 1956 ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தை இயற்றியவர் பிள்ளைகள் அல்லர். 1957 இலும் 1965 இலும் கைச்சாத்திட்ட உடன்படிக்கைகளைக் காற்றிலே பறக்கவிட்டவரும் பிள்ளைகள் அல்லர். ஆயினும் சமாதானம் என்ற கடன் இன்னும் பாக்கி நிற்கிறது என்பது நினைவுக்கு வந்தவுடன், கடன்பட்ட பெரியோர் பாடசாலைப் படலையைத் தட்டுகின்றனர். பத்து வயதுப் பிள்ளையின் கையில் ஒரு வர்ணப் பெட்டியைக் கொடுத்து, "சமாதானத்தை வரை!" என்கின்றனர்.

கடன் பட்டவர் தந்தையர். வட்டி கட்டுபவர் பிள்ளைகள்!

பண்பாடுகளுக்கிடையே சமாதானமும் நட்பும் வளர்க்கும் சிறுவர் சித்திரப் பட்டறைகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதைப் பிள்ளைகளைப் பெற்றோர் நன்கறிவர். விடியற்காலையில் பஸ் வரும். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை வழங்கப்படும். தமிழ்ப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என மாறிமாறி அமர்த்தப்படுவர். தலைப்பு முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் நூறு கடதாசிகளில் நூறு வெள்ளைப் புறாக்கள் பறக்கும். கோத்த கைகள் தோன்றும். கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே மரத்தடியில் குடியேறும். பிரமுகர் பேசுவார், படம் பிடிப்பர், சான்றிதழ் கொடுப்பர். மாலையில் பஸ் திரும்பும். மறுவாரம் ஒருவர் பெயர் ஒருவருக்கு நினைவிராது. அன்று முழுவதும் அருகருகே அமர்ந்திருந்தும், இரண்டு வார்த்தை பேசிக்கொள்ள அப்பிள்ளைகளுக்குப் பொதுவான ஒரு மொழி இருக்கவில்லையன்றோ? ஆனால் அறிக்கை மட்டும் எழுதப்பட்டுவிடும்: நல்லிணக்கம் வளர்ந்தது!

நாம் சித்திரத்துக்கு எதிரிகள் அல்லோம். பிள்ளைகள் ஒன்றுகூடுவதற்கும் எதிரிகள் அல்லோம். ஒரே தீவிலே பிறந்து, ஒரே மழையில் நனைந்து, ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே பிள்ளைகள் வளர்வது இந்நாட்டின் பெரும் சாபக்கேடு. அதை மாற்ற முனையும் எவரையும் வாழ்த்துவோம். எமது வழக்கு வேறு. பிள்ளை தான் கண்டதை வரைவதற்கு இடங்கொடாமல், பெரியோர் காண விரும்புவதை வரையச் செய்யும் பட்டறை சமாதானப் பட்டறை அன்று. அது பிள்ளையிடமிருந்து வாக்குமூலம் வாங்கும் இடம். அங்கு வளர்வது நட்பன்று, நடிப்பு.

நீதிமன்றத்தில் எமக்கு நாள்தோறும் பழக்கமான விதி ஒன்றுண்டு. பராயமடையாத பிள்ளையின் சார்பில் வழக்கு நடத்துபவர், நீதிமன்றத்தின் அனுமதியின்றி எதிர்த்தரப்போடு இணக்கம் செய்துகொள்ள முடியாது. பிணக்கிலுள்ள காணி இரண்டு பரப்பாயினும் சரி, இருபது ஏக்கராயினும் சரி, அந்த இணக்கம் பிள்ளையின் நன்மைக்குரியதா என்று நீதிபதி முதலில் பார்க்க வேண்டும். ஏன்? பிள்ளையின் பேரில் பெரியோர் செய்யும் இணக்கம், பெரியோரின் வசதிக்காகவே செய்யப்படக் கூடும் என்பதைச் சட்டம் அறியும். இரண்டு பரப்புக் காணிக்கு இவ்வளவு காவல்! தந்தை காணாமற்போன பிள்ளை, "எல்லாம் சுகமே" என்று வர்ணத்தால் எழுதிக் கொடுக்கும் கைச்சாத்துக்கு மட்டும் ஏன் காவல் இல்லை?

காவல் இல்லையென்றும் சொல்ல முடியாது. ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்புறுதி செய்தது. பட்டறை நடத்துவோர் தம் துண்டுப் பிரசுரங்களில் அதன் பெயரை எடுத்தாள்வர். எடுத்தாள்பவர் அதைச் சற்றுப் படித்தும் பார்க்கலாம். சமாதானம், சகிப்புத்தன்மை, மக்கள் குழுக்களுக்கிடையே நட்பு ஆகியவற்றின் உணர்வோடு பிள்ளையைப் பொறுப்புள்ள வாழ்வுக்குத் தயார் செய்வது கல்வியின் நோக்கங்களுள் ஒன்றென அதன் 29 ஆம் உறுப்புரை கூறுகிறது. நன்று. ஆனால் அதே உறுப்புரையில், அதற்கு முந்திய பந்தி யாது கூறுகிறது? பிள்ளையின் பெற்றோருக்கும், பிள்ளையின் சொந்தப் பண்பாட்டு அடையாளத்துக்கும், மொழிக்கும், விழுமியங்களுக்கும் மதிப்பு வளர்க்கப்பட வேண்டும் என்கிறது. தன் மொழிக்கு மதிப்பில்லாத இடத்தில் பிறன் மொழிக்கு மதிப்பு முளைக்காது என்பது விதைநெல் அறிந்த எந்த விவசாயிக்கும் விளங்கும்.

இன்னும் ஒரு படி செல்வோம். 12 ஆம் உறுப்புரை, தன்னைப் பற்றிய விடயங்களில் கருத்துக் கூறும் உரிமையைப் பிள்ளைக்கு அளிக்கிறது. 13 ஆம் உறுப்புரை கருத்து வெளியிடும் சுதந்திரத்தைப் பேச்சு, எழுத்து, அச்சு என்பவற்றோடு நிறுத்தவில்லை. கலை வடிவத்தையும் பெயர் குறித்தே சேர்க்கிறது. அதுவும் பிள்ளை தானே தெரிவு செய்யும் சாதனத்தின் மூலம்! அப்படியாயின் சித்திரம் பிள்ளைக்கு அளிக்கப்படும் விளையாட்டுச் சலுகையன்று, அதன் உரிமை. "புறாவை வரை, பொலிஸ்காரனை வரையாதே" என்று விரலால் காட்டும் ஆசிரியர் அந்த உரிமையின் குரல்வளையைப் பிடிக்கிறார். அவர் அதை அன்போடு செய்கிறார் என்பதனால் பிடி தளர்ந்துவிடாது.

வெறும் சட்டம் பேசி ஒதுங்க விரும்பவில்லை. சித்திரத்தின் வழியே பகைவரிடையே நட்பு மலர்ந்த உண்மைச் சரித்திரம் உண்டா? உண்டு. அது எவ்வாறு மலர்ந்தது என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

1945 ஆகஸ்ட் 6 ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து அரைக் கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவில் நின்றது ஹொன்காவா ஆரம்பப் பாடசாலை. அங்கே ஏறத்தாழ 400 பிள்ளைகள் மாண்டனர். மறு ஆண்டு நவம்பரில், அமெரிக்கத் தலைநகரில், அணுகுண்டுச் சோதனையை நடத்திய கடற்படைத் தளபதி ஒருவர் குண்டுப் புகைமண்டலத்தின் வடிவில் செய்த கேக்கை விருந்திலே வெட்டினார். அந்தப் படம் பத்திரிகையில் வெளிவந்தது. வாஷிங்டனிலுள்ள ஓல் சோல்ஸ் தேவாலயத்தின் போதகர் பவல் டேவிஸ் பிரசங்க மேடையில் ஏறித் தம் நாட்டின் அந்தக் களியாட்டத்தை வெட்கக்கேடு என்று வெளிப்படையாகக் கண்டித்தார். வென்றவர் நாட்டிலே நின்று, வென்றவரை நோக்கிப் பேசினார். அந்தப் பிரசங்கத்தின் செய்தி ஜப்பானில் கல்விப் பணியிலிருந்த ஓர் அமெரிக்க அதிகாரிக்கு எட்டியது. இடிந்த பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு எழுதுபொருளும் இல்லை என்று அவர் எழுதினார். தேவாலயத்துப் பிள்ளைகள் பென்சில், மெழுகு வர்ணம், கடதாசி எனச் சுமார் அரைத் தொன் பொருள்களைச் சேர்த்து 1947 இல் அனுப்பினர். ஹொன்காவாப் பிள்ளைகள் அவற்றைக் கொண்டே சித்திரம் வரைந்து நன்றிக்கு அறிகுறியாகத் திருப்பி அனுப்பினர். பிரகாசமான வர்ணங்களில் பூத்த மரங்களும் விளையாடும் சிறுவருமாக அவை அமைந்திருந்தன. அவை வாஷிங்டனில் பேணப்பட்டு, 2010 இல் ஹிரோஷிமாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வரைந்த கைகளிற் சில, முதுமையில் தம் சித்திரத்தை மீண்டும் தொட்டன.

இதில் வரிசைக் கிரமத்தைக் கவனிப்பீராக. முதலில் ஒரு பெரியவர் தம் சொந்தச் சமூகத்தின் அகந்தையைக் கண்டித்தார். அடுத்து, இழந்த பிள்ளைகளுக்கு வேண்டிய பொருள் சென்றது. மூன்றாவதாகவே சித்திரம் வந்தது. என்ன வரைவது என்று வாஷிங்டனிலிருந்து தலைப்பு அனுப்பப்படவில்லை. பிள்ளைகள் பூவை வரைந்தனர். அவர்களே விரும்பி வரைந்தனர். அதனாலேயே அந்தப் பூவுக்கு மணம் உண்டு. எமது நாட்டிலோ வரிசை தலைகீழ். வென்றவர் விழா எடுப்பர். கண்டிப்பார் ஒருவரையும் காணோம். காணி, மொழி, காணாமற்போனோர் என்ற கணக்குகள் நிலுவையில் நிற்கும். ஆனால் பிள்ளையிடம் மட்டும் பூ வேண்டும், உடனே வேண்டும், மூன்று மொழிப் பதாகையோடு வேண்டும்!

பிள்ளையிடம் தலைப்பின்றிக் கடதாசியைக் கொடுத்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுண்டு. 2007 இல் வேஜிங் பீஸ் என்ற பிரித்தானிய அமைப்பைச் சேர்ந்த ஒருவர் சாட் நாட்டின் அகதி முகாம்களுக்குச் சென்றார். சூடானின் டார்பூரிலிருந்து தப்பிய குடும்பங்கள் அங்கிருந்தன. பிள்ளைகளிடம் கடதாசியைக் கொடுத்து, உங்கள் கனவுகளை வரையுங்கள், மனத்தில் ஆழப் பதிந்த நினைவையும் வரையுங்கள் என்றார். திரும்பிய சித்திரங்கள் ஏறத்தாழ 500. எரியும் குடிசைகள், ஆகாயத்திலிருந்து குண்டு பொழியும் விமானங்கள், துவக்கேந்திய மனிதர், தரையில் கிடக்கும் உடல்கள்! அவற்றைச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், குற்றங்கள் நடந்த சூழ்நிலையை விளக்கும் சான்றாக ஏற்றுக்கொண்டது. உலக நீதிமன்றம் சான்றென்று ஏற்கும் பொருளை, உள்ளூர்ப் பட்டறையில் "இது சமாதானத் தலைப்புக்குப் பொருத்தமன்று" என்று ஒதுக்குவது எத்தகைய நீதி?

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமற்போனோரின் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கினர். அவர்களின் மடியில் அமர்ந்திருந்த பேரப்பிள்ளைகளும் பாடசாலைக்குச் செல்கின்றனர். அப்பிள்ளை ஒரு கிழவியையும், அவள் கையில் ஒரு சட்டம் போட்ட படத்தையும் வரைந்தால், அது பகைமையைத் தூண்டுவதா? சிங்களப் பிள்ளை, போர்முனையிலிருந்து பெட்டியில் திரும்பிய தன் மாமனை வரைந்தால் அது பகைமையா? இரண்டு பிள்ளைகளும் தம் சித்திரத்தை ஒருவருக்கொருவர் காட்டினால், அங்கேதான் சமாதானத்தின் முதற் சொல் பிறக்கும். புறாவுக்கும் புறாவுக்கும் இடையில் பேச என்ன இருக்கிறது?

"இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், நடைமுறைக்கு ஒவ்வாது" என்போர் மட்டக்களப்பை நோக்குக. 1990 இல் அம்மண் கண்டது என்ன? ஆகஸ்ட் 3 ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற முஸ்லிம் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். செப்டெம்பர் 9 ஆம் நாள் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாகத் தமிழ் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோரை இராணுவத்தினர் கொன்றனர். அடுத்தடுத்த ஊர்கள் ஒன்றை ஒன்று அஞ்சின. அத்தகைய மண்ணில், போர் நடந்துகொண்டிருந்த 1996 இலேயே, கனடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகமும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே அழைத்து வரப்பட்டனர். ஒரு நாளைக்கு அன்று. வாரந்தோறும், பல மாதங்கள்! மண் குழைத்தனர், வர்ணம் தீட்டினர், கதை கட்டினர், நடித்தனர், மரஞ்செடி கொடிகளோடும் பிராணிகளோடும் பழகினர். அவர்களோடு இருந்து வழிகாட்டியோரும் அம்மண்ணின் மக்களே. அதே துன்பத்தைத் தாமும் கண்டவர்கள். பிள்ளையை அவசரப்படுத்தவில்லை. அதன் துயரம் எந்த வர்ணத்தில் வெளிவருமோ அந்த வர்ணத்தில் வரட்டும் என்று காத்திருந்தனர்.

காத்திருப்பதிலேதான் வேறுபாடு. நாற்று நட்ட மறுநாள் அரிவாளோடு வயலுக்குப் போகும் விவசாயி உண்டா? ஒரு நாள் பட்டறையில் நட்பை அறுவடை செய்ய வருவோருக்கு மட்டும் அந்த விவேகம் இல்லையோ!

எதிர்வாதங்களையும் கேட்போம். "பிள்ளைகள் பழையதை மறக்கட்டுமே, காயத்தை ஏன் கிளற வேண்டும்?" என்பது ஒன்று. காயத்தை எவரும் கிளறச் சொல்லவில்லை. போரை வரை என்று கட்டளையிடுவதும், புறாவை வரை என்று கட்டளையிடுவதும் ஒரே குற்றமே. வரையாதிருக்கவும் பிள்ளைக்கு உரிமையுண்டு. தும்பியையும் பட்டத்தையும் வரைய விரும்பும் பிள்ளை அவற்றையே வரையட்டும். ஆனால் மறதி உள்ளிருந்து வரவேண்டியது. வெளியிலிருந்து பூசப்படும் மறதி, உக்கிய மரத்தின் மேல் பூசிய வர்ணம். ஒரு மழைக்கு உரிந்துவிடும். 1958, 1977, 1983 என்று அது உரிந்த ஆண்டுகளை நாம் எண்ணிக்கொண்டேயிருக்கவில்லையா?

"சிறு நன்மையாவது நடக்கிறதே, அதை ஏன் பழிக்கிறீர்?" என்பது இன்னொன்று. சிறு நன்மை பெருங்கடமைக்குத் திரையாகும்போது அது நன்மையன்று. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று விதித்தது. அதன் பின்னரும் அரச அலுவலகத்திலிருந்து தனக்கு விளங்காத மொழியில் கடிதம் பெற்று, அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்த விவசாயிகள் எத்தனை பேர்! அந்த அலைச்சலைக் கண்ட மகனிடம், மூன்று மொழிகளில் "நட்பு" என்று எழுதச் சொல்வது நகைப்புக்குரியதன்றோ? பாடசாலைகள் பெரும்பாலும் மொழிவாரியாகப் பிரிந்து நிற்கின்றன. அண்டையிலுள்ள பிள்ளையோடு பேசக் கற்பிப்பதற்கு ஓர் இரண்டாம் மொழி ஆசிரியரை ஆண்டு முழுவதும் நியமிப்பது, நூறு பதாகைகளிலும் மேலான சமாதானப் பணி. அதில் படம் பிடிக்க ஒன்றுமில்லை என்பதே அதன் ஒரே குறை.

இனி எம்மவருக்கும் ஒரு வார்த்தை. "சிங்களப் பிள்ளையோடு எங்கள் பிள்ளைக்கு என்ன கூட்டு? எல்லாம் ஏமாற்று" என்று படலையை மூடுவோர் எம்மிடையே உளர். பிள்ளையின் கையில் புறாவைத் திணிப்பது தவறென்றால், எமது கொடியைத் திணிப்பதும் தவறு. ஒரு காலத்தில் இம்மண்ணிலே பிள்ளைகளின் கையில் துவக்கே திணிக்கப்பட்டது. அந்தப் பாவத்தைப் பேசாமல் எவரும் சிறுவர் உரிமை பேச முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்தின் பேரப்பிள்ளை, பூட்டிய ஒரு வீட்டை யாழ்ப்பாணத்தில் வரைந்து எம்மிடம் நீட்டினால், அதைப் பார்க்கும் துணிவு எமக்கு வேண்டும். பிறர் செவிகொடுக்க வேண்டும் என்று கேட்பவர், தாமும் செவிகொடுக்கக் கடமைப்பட்டவர்.

ஆகவே, பட்டறை நடத்த வருவோரிடம் ஐந்து நிபந்தனைகளை முன்வைப்போம்.

ஒன்று: தலைப்பு விதிக்கலாகாது. வர்ணமும் கடதாசியும் உங்களுடையன, சித்திரம் பிள்ளையுடையது.

இரண்டு: ஒரு நாள் கூத்து வேண்டாம். ஓராண்டுக்குத் தொடர்ந்து வர இயலுமானால் வருக. பிள்ளைகள் ஒருவர் வீட்டு முற்றத்தை ஒருவர் அறியும் வரையாவது வருக.

மூன்று: மொழி இருவழிப் பாதையாகட்டும். தமிழ்ப் பிள்ளை சிங்களம் கற்கும் அதே மேசையில் சிங்களப் பிள்ளை தமிழ் கற்கட்டும். பட்டறையின் அறிவித்தலும் விளக்கமும் படிவமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தாய்மொழியில் அமையட்டும்.

நான்கு: பிள்ளையின் சம்மதமும் பெற்றோரின் சம்மதமும் இன்றி எந்தச் சித்திரமும் காட்சிக்கோ அச்சுக்கோ போகலாகாது. துன்பத்தை வரைந்த பிள்ளையின் பெயரும் ஊரும் மறைத்துக் காக்கப்பட வேண்டும். உண்மையை வரையச் சொல்லிவிட்டு, அதன் விளைவைப் பிள்ளை தனியே சுமக்க விடுவது துரோகம்.

ஐந்து: பிள்ளைகள் வரைந்ததைப் பெரியோர் பார்க்க வேண்டும். பிரமுகர் பார்த்துச் சிரித்துப் போவதற்கன்று. காணி அதிகாரி பார்க்கட்டும், கல்விப் பணிப்பாளர் பார்க்கட்டும், பாராளுமன்ற உறுப்பினர் பார்க்கட்டும். பார்த்தபின் யாது செய்தீர் என்று மறு ஆண்டு அதே பிள்ளைகள் முன் வந்து பதில் கூறட்டும்.

தமிழ்ப் பேசும் பெருமக்களே! உங்களுள் ஆசிரியர் உளர். தலைப்பு எழுதிய கரும்பலகையை அழிக்கும் அதிகாரம் உங்கள் கையில் உண்டு. வைத்தியர் உளர். கறுப்பையே திரும்பத் திரும்பப் பூசும் பிள்ளையை இனங்கண்டு, அதனோடு ஆறியிருந்து பேசத் தெரிந்தவர் நீங்கள். சட்டத்தரணிகள் உளர். சமவாயத்தின் மூன்று உறுப்புரைகளை ஒவ்வொரு பெற்றோர் சங்கத்திலும் எடுத்துரைப்பது கட்டணம் வாங்கிச் செய்யும் வேலையன்று. விவசாயப் பெருமக்கள் உளர். பிள்ளையை பஸ்ஸில் ஏற்றிவிடுமுன், "எங்கே கொண்டு போகிறீர்கள், என்ன கேட்கப் போகிறீர்கள், மறுபடி எப்போது வருவீர்கள்?" என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். விதைநெல் வாங்கும்போது மூட்டையைப் பிரித்து, கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறீர்களே. பிள்ளையின் மனத்தில் விதைக்க வருபவரிடம் அதைவிடக் குறைவாகவா விசாரிப்பது?

சமாதானம் வரட்டும். அதற்குரிய கைச்சாத்தைப் பெரியோர் இடட்டும். மையும் அவர்களிடம் உண்டு, அதிகாரமும் அவர்களிடம் உண்டு. பிள்ளைகளின் வர்ணப் பெட்டியைப் பிள்ளைகளிடமே விடுங்கள். என்ன வரைகிறார்கள் என்று பொறுத்திருந்து பார்ப்போம்.